தகரம் டகரமாய்த் திரிந்தது

வாயைத் திறங்க ஐயா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படியே வைங்க என்கிறாள் டாக்டர் பெனாசிர், இதற்குமேல் திறந்தால் தாடை கழன்று உன் கையில் வந்துவிடும் அம்மா என்று சொல்ல நினைப்பதற்குள் ஊசி மேல் ஈறில் இறங்கிவிட்டது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்றாள், எந்த ஊர் எறும்போ, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எண்பது வயசில் கண்ணில் தண்ணீர் வரக் காரணம் வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வாள், நினைக்கட்டும். உதடு மெல்ல என்னுடையது இல்லாமல் போகிறது. முதலில் ஓரம், பிறகு மூக்குக்குக் கீழே, பிறகு நாக்கின் நுனி, யாரோ மாவு பூசிக்கொண்டே வருகிற மாதிரி. எதிர்ச் சுவரில் பல் வடிவத்தில் ஒரு கடிகாரம், சிரிக்கிற பல், அதன் வயிற்றில் முள் ஓடுகிறது, பத்து ஐம்பது. பன்னிரண்டுக்கு இன்னும் எழுபது நிமிஷம். பன்னிரண்டுக்கு டோரீன் கூப்பிடுவாள். டோரீன் கூப்பிடுவாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கையோடு கிடக்கிற டோரீனுக்காக அவள் மகன் கெவின் கூப்பிடுவான், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என் மகள் மங்கையின் போனில் மணி அடிக்கும், ஐம்பது வருஷத்துக்குமேல் கேட்காத குரல் கேட்கும். எல்லாம் மங்கை செய்த வேலை. பொன்மலையில் பழைய காலத்தில் இருந்தவர்கள் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம், என் அப்பா பாட்டெழுதிய தாயுமானவன், அவர் பாட்டைப் பாடிய டோரீன் யாருக்காவது தெரியுமா என்று போட்டாளாம், மூன்றாம் நாள் கெவின் பதில் எழுதினானாம், அம்மா உங்கள் அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள், இனி சில வாரம்தான் என்கிறார்கள், ஒரு தடவை அவரோடு பேச வேண்டுமாம். எதைப் பேச வேண்டுமாம் என்று நான் மங்கையிடம் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது. பல் டாக்டர் செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாள் கொடுத்தாள், நான் செவ்வாய் என்றேன். "செவ்வாய்க்கிழமைதானேப்பா போன் வருது, பல்லைப் பிடுங்கிட்டு எப்படிப் பேசுவீங்க?" என்றாள் மங்கை. "வலி தாங்கலைம்மா" என்றேன். வலி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு மாசமாக இருந்த வலி. இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போயிருக்கும்.

மரத்துப்போச்சா ஐயா, இங்க தட்டறேன், தெரியுதா, என்கிறாள். தட்டுவது காதுக்குத்தான் தெரிகிறது, பல்லுக்குத் தெரியவில்லை. தலையாட்டுகிறேன். மேல் வரிசையில் முன்பல் மூன்று, நடுவில் இரண்டு, பக்கத்தில் ஒன்று, மூன்றும் ஆடுகின்றன, ஆனால் வேர் கெட்டியா இருக்கு ஐயா, எக்ஸ்ரேல பார்த்தேன், என்று ஏதோ என் குலப்பெருமையைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். பிறகு இடுக்கியை வாயில் விட்டுக்கொண்டே, பல் டாக்டர்கள் எல்லோரும் செய்வதைப்போல, பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து ஒரு கேள்வி. "மங்கை அக்கா சொன்னாங்க, நீங்க சினிமாவுக்குப் பாட்டெல்லாம் எழுதினவராமே. என்ன பாட்டு ஐயா?" ஆ என்கிறேன். "ஓ, அப்படியா" என்கிறாள். அந்த ஆ-வில் என்ன கேட்டதோ அவளுக்கு. என்ன பாட்டு என்று சொல்ல. பதினொரு பாட்டு. பதினொன்றும் ராக் அண்ட் ரோல், அந்தப் பெயரே தமிழ்நாட்டில் நாலு பேருக்குத் தெரியாத நாளில். அதற்குமுன் நான் வெண்பா எழுதிக்கொண்டிருந்தேன், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம் ஆபீஸ் குமாஸ்தா, காலையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஜன்னலில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள், எடுத்து ஆணியில் மாட்டி வருகை குறிக்க வேண்டும், மிச்ச நேரத்தில் தொழிற்சங்க மலருக்கு வெண்பா. மழைக்கு ஒரு வெண்பா, பொங்கலுக்கு ஒரு வெண்பா. ஃபிட்டர் லெஸ்லி ஒரு நாள் வில்லையைப் போட்டுவிட்டு நகராமல் நின்றான், ஆங்கிலோ இந்தியன், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை டான்ஸுக்கு கிட்டார் வாசிப்பவன். "நீதானே மேன் அந்தப் புக்ல பாட்டு எழுதறது? சாயங்காலம் வீட்டுக்கு வா. ஒரு ரெக்கார்ட் போடறேன். அதுக்குத் தமிழ் வார்த்தை வேணும். அர்த்தம் வேணாம், வார்த்தை போதும்." அர்த்தம் வேண்டாம் என்று ஒருவன் சொல்லி அன்றுதான் கேட்டேன். மாலை முழுக்க அந்த வீட்டில் கிராமபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தலைக்குள் யாரோ தகர டப்பாவை உருட்டினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் என் வலதுகால் மட்டும் எனக்குச் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. லெஸ்லியின் தங்கை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வயசு, பூப்போட்ட கவுன், கையில் வெங்காயம் உரித்தபடி. "அண்ணா, இவன் எழுதிடுவான். காலைப் பாரு." அதுதான் டோரீன்.

லேசா அழுத்தம் தெரியும் ஐயா, வலி இருக்காது. அழுத்தம் மண்டைக்குள் போகிறது, மேல்தாடையைப் பிடித்து யாரோ தூக்குகிறார்கள், கட்டிலைத் தூக்குவதுபோல, கறக் என்று ஒரு சத்தம், அது வாயிலிருந்து வரவில்லை, எலும்பு வழியாக நேராகக் காதுக்குள் வருகிறது, கறக், வல்லினம், நல்ல வல்லினம். இதைத்தான் அன்று கண்டுபிடித்தேன். க ச ட த ப ற, ஆறும் தோல்கருவி, லெஸ்லியின் தாளத்துக்கு இந்த ஆறும் போதும், மெல்லினம் வந்தால் பாட்டு நனைந்துவிடும். இன்னொரு தொல்லை இருந்தது, நம் பேச்சில் அழுத்தம் முதல் எழுத்தில் விழும், அவர்கள் தாளத்தில் அடி இரண்டாவதில் விழும், கனமான சொல்லை முதலில் வைத்தால் பாட்டு நொண்டும். பத்து நாள் தூங்கவில்லை. பிறகு ஒரு காலையில் வில்லை மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது, முன்னால் ஒரு சின்னச் சொல்லைத் தூக்கிப்போடு, அட, ஏ, வா, அதில் கால் வைத்து அடுத்ததில் குதி. அட சங்கு ஊதிடுச்சு நாலு மணி, என் சட்டைப் பையிலே சாயங்காலம். எழுதின தாளை வேலை முடிந்ததும் ஓடிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். டோரீன் படித்தாள், தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும், விரலை வைத்துப் படித்தாள். "சட்டைப் பையிலே சாயங்காலமா? அது எப்படி மேன் பையிலே போகும்?" அர்த்தம் வேண்டாம் என்றானே உன் அண்ணன் என்றேன். "அவனுக்கு வேணாம். பாடறது நான். எனக்கு வேணும்." சொன்னேன், எட்டு மணிநேரம் கம்பெனிக்கு, சங்கு ஊதிய பிறகு இருக்கிற பொழுதுதான் தொழிலாளியின் சொந்தச் சொத்து, அதைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். "எங்க டாடி அப்படித்தான் வருவார்" என்றாள். அதற்குப்பின் என் ஒவ்வொரு சொல்லையும் அவள் அப்படித்தான் நிறுத்தி விசாரித்தாள், இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் படித்ததில்லை, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, கட்டிக்கொண்டவள் நல்லவள், பாட்டை மட்டும் கேட்கமாட்டாள். அந்தச் சனிக்கிழமை இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையில் நூறு ஜோடிச் செருப்பு என் வார்த்தைகளை மிதித்து ஆடின, ஜன்னலுக்கு வெளியே கலாசிகள், பாய்லர் ஷாப் ஆட்கள், உள்ளே வர அனுமதி இல்லாதவர்கள், அவர்களும் ஆடினார்கள். நான் ஜன்னலுக்கு உள்ளேயா வெளியேயா நின்றேன், இப்போது நினைவுக்கு வரவில்லை, எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை.

ஒன்னு வந்துடுச்சு ஐயா. தட்டில் டங் என்று விழுகிறது. துப்பாதீங்க, அப்படியே வைங்க, ரெண்டாவதைப் பார்க்கிறேன். பதினொன்று ஐந்து. வெளியே மங்கை யாரிடமோ பேசுவது கேட்கிறது, போன் வந்துவிட்டதா, இல்லை, ரிசப்ஷன் பெண்ணோடு பேசுகிறாள், எங்கப்பா அந்தக் காலத்திலேயே, என்று ஆரம்பிக்கிறாள், எனக்குத் தெரியும் அது எப்படிப் போகும் என்று, எங்கப்பா அந்தக் காலத்திலேயே மெட்ராஸில் பேர் வாங்கினவர், பொறாமையிலே அவரை எழும்ப விடலை. யார் பொறாமை, எவர் எழும்ப விடவில்லை, மங்கைக்கு அவள் அம்மா சொன்ன கதை, அவள் அம்மாவுக்கு நான் சொன்ன கதை. வரதன் மாஸ்டரைச் சொல்வார்கள். பாவம் மனிதர், படத்துக்கு இசை போடுகிறவர், தஞ்சாவூரில் ஒரு கச்சேரிக்கு வந்தவர் பக்கத்து ஊர்தானே என்று இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து பார்த்தார், மறுவாரம் எனக்கும் டோரீனுக்கும் மெட்ராஸ் வரச்சொல்லிக் கடிதம். லெஸ்லியைக் கூப்பிடவில்லை, அங்கே கிட்டார்க்காரர்கள் நிறைய. லெஸ்லி ரயிலடிக்கு வந்து என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். "என் தங்கச்சியைப் பார்த்துக்கோ தாயு" என்றான், சினிமாவில் அண்ணன்கள் சொல்வதைப்போல, சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சம்பளமில்லா விடுப்பில் வடபழனியில் ஒரு மாடி அறை, டோரீன் பெரம்பூரில் அத்தை வீட்டில். ஒன்றரை வருஷத்தில் பதினொரு பாட்டு, எல்லாம் கிளப் டான்ஸ், வில்லனின் ஆள் வைரத்தைக் கைமாற்றும்போது பின்னால் ஒரு பாட்டு வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். வரதன் ஆர்மோனியத்தில் தான தத்த தன தான என்று தத்தகாரம் போடுவார், நான் கால் ஆடுகிறதா என்று பார்ப்பேன், ஆடினால் எழுதுவேன். எட்டாவது பாட்டுதான் பிடித்துக்கொண்டது. அட ஓரமா நிக்கிறியே, ஓடி வந்து கட்டிக்கோ. டீக்கடையில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, மரீனாவில் சுண்டல் விற்கிறவன் மெட்டு மாறாமல் கூவினான். ஒலிப்பதிவு அன்று டோரீன் கட்டிக்கோ-வைச் சுத்தமாகத்தான் பாடினாள். வரதன் நிறுத்தினார். "இவ்வளவு சுத்தம் வேணாம்மா, கொஞ்சம் இங்கிலீஷ் வாடையோட பாடு, அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தது." அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி வளர்ந்த தமிழ், என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்த தமிழ், அதைக் கொஞ்சம் கெடுத்துப் பாடினாள், நாங்கள் கேட்டதற்காக.

ரெண்டாவதும் ஆச்சு. மூணாவது கொஞ்சம் அடம் பிடிக்குது. அடம் பிடிக்கட்டும், ஒன்றாவது என் வாயில் அடம் பிடிக்கட்டும். நாக்கு நுனி போய் அந்த இடத்தைத் தேடுகிறது, பள்ளம், உப்பு, ஒரு இரும்பு ருசி. நாக்கை உள்ளே வைங்க ஐயா. நாக்கு கேட்கமாட்டேன் என்கிறது. தகரம் பிறக்கிற இடம் அது, நுனிநாக்கு மேல்பல்லின் அடியைத் தொட வேண்டும், தொட்டால் த, பல்லை விட்டு மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ட, பள்ளிக்கூடத்தில் படித்தது, அதை வைத்துத்தான் அந்தக் கடிதம். ஏன் இப்போது அது, கடிகாரத்தைப் பார், பதினொன்று இருபது, ஜன்னலைப் பார், எதிர்க் கட்டடத்தில் யாரோ போர்வை உலர்த்துகிறார்கள், பார்த்துக்கொண்டிரு. ஒரு வாரப் பத்திரிகைதான் ஆரம்பித்து வைத்தது. பெண்ணொருத்தி ஆடவனை ஓடி வந்து கட்டிக்கொள்ளச் சொல்கிறாள், எங்கே போகிறது நாடு. மறுவாரம் இருபது வாசகர் கடிதம். அதற்கடுத்த வாரம் மாதர் சங்கம், தியேட்டர் வாசலில் நாற்பது பேர். ரேடியோவில் பாட்டு நின்றுபோனது. தயாரிப்பாளர் வரதனைக் கூப்பிட்டுக் கத்தினார், வரதன் என்னைக் கூப்பிட்டார், கத்தவில்லை, களைத்துப்போயிருந்தார், வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போடாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடு தாயு. தவறுதான், வருந்துகிறேன், ரெண்டு வரி. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க." அவ்வளவுதான் அவர் கேட்டது. ரெண்டு வரி. வருந்துகிறேன். அந்த ரெண்டு வரியை எழுதியிருந்தால். எழுதத்தான் உட்கார்ந்தேன், மாடி அறையில், மத்தியான வெயிலில், தவறுதான் என்று எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கட்டிக்கோ என்பதில் என்ன தவறு, நல்ல சொல், தாளத்தில் சம்மட்டியாக விழுகிற சொல், அதற்கு நான் ஏன் வருந்த வேண்டும், தமிழ் தெரியாதவன் என்றல்லவா இனி சொல்வார்கள், வெண்பா எழுதினவனை. அப்போது வந்தது. பாட்டு வருகிற மாதிரியேதான் வந்தது, அதே இடத்திலிருந்து, கால்கூட ஆடியது என்று நினைக்கிறேன். கட்டிக்கோ இல்லை, கத்துக்கோ. ஓடி வந்து கத்துக்கோ. நடனத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறாள், அவ்வளவுதான், எவ்வளவு சுத்தம், எவ்வளவு பொருத்தம், ஓரமாய் நிற்கிறவனை ஆட்டம் கற்க அழைக்கிறாள். தவறுதான் என்று எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன். யான் எழுதியது கத்துக்கோ என்பதேயாம். பாடிய அம்மையார் ஆங்கிலோ இந்திய மரபினர் ஆதலின், தகரம் அவர் நாவில் டகரமாய்த் திரிந்தது. எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். தகரம் டகரமாய்த் திரிந்தது. நன்றாக விழுந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைக்க. பயந்து செய்தேன் என்றால் யாரும் மன்னிக்கலாம், வரதன் கழுத்தில் கைவைத்து எழுதவைத்தார் என்றால் மன்னிக்கலாம், நான் ரசித்துச் செய்தேன். ஒரு தமிழாசிரியர்கூட, த திரிந்தால் ட ஆகும் சரி, து எப்படி டி ஆயிற்று என்று கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்ணுக்குத் தமிழ் வராது என்பது நாட்டுக்கே தெரிந்ததுதானே.

கடிதம் பத்திரிகையில் வந்த மறுவாரமே பாட்டு ரேடியோவில் திரும்ப வந்தது. டோரீனுக்கு ஒப்புக்கொண்டிருந்த மூன்று பாட்டு போனது. தமிழ் வராதாமே, என்றார்கள் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும், ஒலிப்பதிவுக்காரர்கள், வயலின்காரர்கள், நேற்றுவரை அவளோடு தமிழில் பேசிச் சிரித்தவர்கள். ஐயா, வேர் உடைஞ்சிருச்சு, பயப்படாதீங்க, கொஞ்சம் நேரமாகும், என்கிறாள் டாக்டர், மாஸ்க்குக்கு மேலே கண்கள் கெட்டியாகிவிட்டன, சிறிய கருவி ஒன்றை வாங்கிக்கொள்கிறாள். எவ்வளவு நேரமாகும், பதினொன்று நாற்பது, பன்னிரண்டுக்குள் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு வாயைக் காட்டிக் கையை விரித்துவிடலாம் என்றல்லவா கணக்கு. டோரீன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான். பத்திரிகையைப் பார்த்திருப்பாள், விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாள், அம்மையார் என்கிற சொல்லில் விரல் நின்றிருக்கும். அத்தை வீட்டுக்கு நான் போகவில்லை, அவளும் என் அறைக்கு வரவில்லை, ஒரு மாதத்தில் பொன்மலைக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இன்னும் மூன்று பாட்டு வந்தது, மூன்றிலும் கால் ஆடவில்லை, பிறகு அதுவும் நின்றது, மோஸ்தர் மாறிவிட்டது, விடுப்பு முடிந்தது, நானும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குத் திரும்பினேன். லெஸ்லியின் நம்பர் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. நாலு வருஷம், ஞாயிறு தவிர ஒவ்வொரு காலையும், அந்த வில்லையை என் கைக்குத் தராமல் பலகையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போனான், முகத்தைப் பார்க்காமல். சூடாக இருக்கும் வில்லை, கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்திருப்பான். அந்தச் சூட்டை எடுத்து ஆணியில் மாட்டுவேன். டோரீன் ஒர்க்‌ஷாப் ஆபீஸிலேயே டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கேட்டில் எதிர்ப்படுவாள், அவள்தான் முதலில் சிரிப்பாள். "என்ன தாயு, எழுதறியா?" நான் காதில் விழாதவன்போல சைக்கிளைத் துடைப்பேன். எழுதறியா என்றுதான் கேட்டாள், ஏன் எழுதினாய் என்று கேட்கவே இல்லை. ஒரு தடவை திட்டியிருந்தால். செருப்பால் அடித்திருந்தால். அறுபத்தாறில் அவர்கள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள், ரயிலடிக்குப் பாதிப் பொன்மலை போனது, நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன், காய்ச்சல் வரவுமில்லை, விடுப்பு முழுக்கப் போர்வைக்குள் கிடந்தேன். செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா ஐயா என்று கேட்டால் இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

வந்துருச்சு, வந்துருச்சு, என்று டாக்டர் மூச்சுவிடுகிறாள், பஞ்சை மடித்துப் பள்ளத்தில் வைத்துக் கடிக்கச் சொல்கிறாள், எதைக் கொண்டு கடிக்க. முக்கால் மணி நேரம் கடிச்சிட்டே இருங்க ஐயா, துப்பக்கூடாது, பேசக்கூடாது. கதவு தட்டுகிற சத்தம், மங்கை தலையை நீட்டுகிறாள், கையில் போன், முகமெல்லாம் வெளிச்சம். "டாக்டர், மன்னிச்சுக்குங்க, ஆஸ்திரேலியா கால், கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு, முடிஞ்சிருச்சா? அப்பா, டோரீன் ஆன்ட்டி!" டாக்டர் என்னைப் பார்க்கிறாள், நான் கையை ஆட்டுகிறேன், இல்லை, இப்போது இல்லை, அது வாங்கிக்கொள்கிற கையாகத் தெரிந்திருக்க வேண்டும், மங்கை ஸ்பீக்கரை அழுத்தி என் மார்புமேல் போனை வைத்துப் பிடித்துக்கொள்கிறாள். இரைச்சல். பிறகு மூச்சு. பிறகு ஒரு நூல் மாதிரிக் குரல். "தாயு? கேக்குதா மேன்?" மங்கை குனிகிறாள். "ஆன்ட்டி, அப்பாவுக்கு இப்பதான் பல்லு எடுத்திருக்காங்க. வாய்ல பஞ்சு, பேச முடியாது. ஆனா கேட்டுட்டிருக்கார். நீங்க பேசுங்க." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, சிரிப்பு இருமலாகி, யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். "பல்லா! எனக்கு ஒன்னுகூட இல்லை மேன். நல்லதாப் போச்சு, அவன் பேசாம இருக்கட்டும், நான் சொல்றேன். தாயு, எனக்கு ரொம்ப நேரம் பேச வராது. ஒன்னு சொல்லணும். அந்த லெட்டர் நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும்." மங்கை என்னைப் பார்க்கிறாள், எந்த லெட்டர் என்று புருவம் கேட்கிறது. "பேப்பர்ல பார்த்த அன்னைக்கே தெரியும். அம்மையார்னு என்னை நீ எழுதுவியா? உன் தமிழ் இல்லை அது. என் பேச்சுல த, ட ஆயிடுச்சுன்னு நீ எழுதுவியா, நீதானே எனக்கு எல்லா எழுத்தும் சொல்லிக்குடுத்தது? அந்த மியூசிக் டைரக்டர் எழுதிட்டு உன் பேரைப் போட்டுட்டான். லெஸ்லி நம்பவே இல்லை. சாகற வரைக்கும் அவன்கிட்ட நான் சண்டை போட்டேன், போன வருஷம் போயிட்டான். நீ என் மூஞ்சியைப் பார்க்காமப் போனது வெக்கத்துலன்னு எனக்குத் தெரியும். பரவாயில்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் நம்பலை தாயு. ஒரு நாளும் நம்பலை." மூச்சு வாங்குகிறது. ம்ம் என்கிறேன், ம்ம்ம் என்கிறேன், மெல்லினம், மெல்லினத்தைத் தவிர வாயில் ஒன்றும் இல்லை, பஞ்சு நகர்ந்து ரத்தம் உதட்டோரம் இறங்குகிறது, பேசாதீங்க ஐயா என்கிறாள் டாக்டர். கையைக் காட்டுகிறேன், எழுதுவதுபோல, விரலைச் சேர்த்துக் காற்றில். டாக்டர் மருந்துச்சீட்டுக் கட்டையும் பேனாவையும் கொடுக்கிறாள். சாய்ந்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது, ஆனால் படிக்க முடியும், இவ்வளவு வருஷத்தில் நான் எழுதியதிலேயே கால் ஆடுகிறதா என்று பார்க்காமல் எழுதியது இது ஒன்றுதான். நான்தான் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும். வரதன் இல்லை. மங்கையிடம் நீட்டி, படி என்று போனைக் காட்டுகிறேன். அவள் படிக்கிறாள். மனசுக்குள் படிக்கிறாள், இன்னொரு தடவை படிக்கிறாள். ஐம்பது வயசுப் பெண், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவள் முகம் இப்படி வெறிச்சென்று ஆகி நான் பார்த்ததில்லை. படி, என்கிறேன், ம்ம், என்று வருகிறது. "என்ன எழுதறான்?" என்கிறது போன். "மங்கை? என்ன எழுதறான் அவன்?" மங்கை என்னைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே, படிக்கிற குரலில், நிதானமாகச் சொல்கிறாள். "நன்றி டோரீன்னு எழுதியிருக்கார், ஆன்ட்டி. நீ நம்பினதே போதும்னு எழுதியிருக்கார்." இல்லை என்று தலையை ஆட்டுகிறேன், போனுக்கு அது தெரியாது, ம்ம்ம்ம் என்கிறேன், அதுதான் கேட்கும். "அழறானா?" "ஆமா ஆன்ட்டி." "அழ வேணாம்னு சொல்லு. எனக்குத் தெரியும்னு சொல்லு. லெஸ்லிகிட்டப் போய்ச் சொல்லிடறேன், நான்தான் ஜெயிச்சேன்னு." பின்னால் கெவினாக இருக்க வேண்டும், அம்மா களைச்சிட்டாங்க, அப்புறம் கூப்பிடறோம் என்று ஆங்கிலத்தில் சொல்கிறான், சத்தம் நிற்கிறது. டாக்டர் என் உதட்டைத் துடைத்துவிட்டு, ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு ஐயா, எவ்வளவு பழைய சிநேகம், என்கிறாள், இன்னைக்கு முழுக்க ஐஸ்கிரீம் சாப்பிடலாம், சூடா எதுவும் வேணாம். மங்கை சீட்டை இரண்டாக மடிக்கிறாள், நாலாக மடிக்கிறாள், எட்டாக மடிய மாட்டேன் என்கிறது, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள். "ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்ப்பா" என்கிறாள் சுவரைப் பார்த்து. நாற்காலி தானாக நிமிர்கிறது, என்னை உட்காரவைக்கிறது. என் விரல்கள் பேனாவை விடாமல் பிடித்திருக்கின்றன, மங்கை அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை டாக்டரிடம் திருப்பிக் கொடுக்கிறாள்.